கதை வாசித்துப் பதிவு செய்ய ஆடாசிட்டி: எங்கிருந்து தொடங்குவது?

வாசிப்பறை (கேள்வி):

வணக்கம். சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்து, பார்வையற்ற மாணவர்களுக்கும் கண் மங்கிய பெரியவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதாக இல்லை. கையில் இருப்பது விண்டோஸ் 10 லேப்டாப், 4 ஜிபி ராம், போனோடு வந்த இயர்போன். இடம் கோடம்பாக்கம், இரண்டாவது மாடி. சன்னலுக்குக் கீழே தெரு, கொஞ்சம் தள்ளி ரயில் பாதை.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவிவிட்டேன். இப்போது இருக்கும் சிக்கல்கள் இவை. இயர்போன் மைக்கை வாய்க்கு அருகே பிடித்தாலும் குரல் கிணற்றடியில் நின்று பேசுவது போல் வருகிறது. பின்னணியில் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் விடாமல் ஓடுகிறது. மின்விசிறிச் சத்தத்தை நீக்க நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால், இரைச்சல் போகிறது, ஆனால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடுகிறது. எல்லாம் முடித்து அனுப்பினால், போனில் முழு வால்யூம் வைத்தும் மெதுவாகத்தான் கேட்கிறது. எதை முதலில் சரி செய்வது?

---

ஒலிக்கோடு:

முதல் சிக்கலைப் பார்த்தால், நீங்கள் பேசுவது இயர்போன் மைக்கில், பதிவாவது லேப்டாப்பின் உள் மைக்கில் என்று தோன்றுகிறது. சோதிப்பது எளிது. ரெக்கார்ட் அழுத்திவிட்டு, இயர்போன் மைக்கை நகத்தால் சுரண்டுங்கள். பிறகு லேப்டாப் மூடியின் மேல் விளிம்பைச் சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது அலை எகிறுகிறதோ அதுதான் வேலை செய்யும் மைக்.

மேலே ஆடியோ செட்டப் என்று ஒரு பட்டன் இருக்கும் (3.2 பதிப்பிலிருந்து உண்டு; இல்லையென்றால் உங்களுடையது பழைய பதிப்பு, மாற்றிவிடுங்கள்). அதில் ஹோஸ்ட் என்ற இடத்தில் எம்எம்ஈ இருந்தால் விண்டோஸ் வாஸாபிக்கு மாற்றிப் பாருங்கள். ரெக்கார்டிங் டிவைஸில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கார்டிங் சேனல்ஸ் 1, அதாவது மோனோ. ஒரு வாய்க்கு ஒரு மைக்தான். ஸ்டீரியோவில் பதிந்தால் கோப்பு இரட்டிப்பாகும், சில லேப்டாப்பில் இடது காதில் மட்டும் குரல் வரும். மைக்கைச் செருகிய பிறகு ஆடாசிட்டியைத் திறக்க வேண்டும். முன்பே திறந்திருந்தால் அதே பட்டனில் ரீஸ்கேன் கொடுங்கள்.

பட்டியலில் வெளி மைக்கே தெரியவில்லையா? பிளக்கைப் பாருங்கள். போன் இயர்போன் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை இருந்தால் அந்தப் பிளக் மைக் துளையில் வேலை செய்யாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒட்டு வயர் வேண்டும், அல்லது யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று. இரண்டுமே ரிச்சி தெருவில் கிடைக்கும். கடையில் 'மூணு வளையம், மைக்கோட' என்று சொல்லிக் கேளுங்கள். வெறும் ஹெட்போனுக்கான ஒட்டு வயரைக் கொடுத்துவிடுவார்கள்.

சாதனம் தெரிகிறது, ஆனால் அலை நேர்கோடாகவே ஓடுகிறது என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் மைக்ரோபோன். டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி என்ற கடைசிப் பொத்தான் அணைந்திருக்கும். அதே மைக்கின் பண்புகளில் என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அது வீடியோ அழைப்புக்காகச் செய்தது. வாக்கிய முடிவில் தேயும் சொற்களை 'சத்தம்' என்று நினைத்து விழுங்கிவிடும்.

'ங்ங்ங்' இரைச்சலுக்கு மென்பொருளைத் தொடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் இல்லாத இரட்டைப் பின் சார்ஜர் வழியாக அது மைக் வயருக்குள் நுழைகிறது. 50-ஐ மட்டும் வெட்டினால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். அதன் மடங்குகள் 100, 150 என்று ஆண் குரலின் அடிப்பகுதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அதை வெட்டினால் குரலும் சேர்ந்து மெலியும். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்திலும் பதியாதீர்கள், குறிப்பாகச் சதுர அலை வகை இன்வெர்ட்டர் என்றால்.

அளவு: வழக்கமான குரலில் வாசிக்கும்போது மீட்டரின் உச்சம் -12-க்கும் -6 டெசிபலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கதையில் யாராவது கத்தும் இடத்தை முதலில் வாசித்துப் பார்த்து அளவை வையுங்கள். 0-ஐத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அதை எந்த எஃபெக்டாலும் ஒட்ட முடியாது. ஆடாசிட்டி 32 பிட் ஃப்ளோட்டில் (0-ஐத் தாண்டினாலும் வெட்டாமல் வைத்துக்கொள்ளும் எண் வடிவம்) சேமிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வெட்டு விழுவது மைக்கிலிருந்து எண்ணாக மாறும் இடத்தில். ஆடாசிட்டிக்கு வந்து சேருவதே வெட்டுப்பட்ட அலை.

---

கத்திரி வெயில்:

மேல சொன்னதோட மின்விசிறிக் கதையையும் முடிச்சிடலாம். ஃபேன்ல ரெண்டு தனித்தனிப் பிரச்சனை இருக்கு. 'உஷ்ஷ்'னு ஒரே சீரா வர்ற இரைச்சல் ஒண்ணு. அதை நாய்ஸ் ரிடக்ஷன் ஓரளவு எடுக்கும். இன்னொண்ணு, காத்து நேரா மைக்ல மோதி வர்ற 'டப் டப்'. அது சீரா இருக்காது, சுத்துற வேகத்துக்குக் குரலே லேசா நடுங்கும். அதை எதுவும் எடுக்காது. குடத்துக்குள்ள பேசற மாதிரி ஆகறதுக்குப் பாதிக் காரணம், எடுக்க முடியாததை எடுக்கச் சொல்லி அளவை ஏத்திக்கிட்டே போறதுதான்.

சீலிங் ஃபேனை நிறுத்துங்க. நிறுத்தின உடனே ஆரம்பிக்காதீங்க, இறக்கை முழுசா நிக்கற வரை இருங்க. ரொம்பப் புழுங்குதுன்னா பக்கத்து ரூம்ல டேபிள் ஃபேனை வச்சு, குறைஞ்ச வேகத்துல உங்க முதுகுக்கு வர்ற மாதிரி திருப்புங்க. மைக் உங்க உடம்பு மறைவுல இருக்கணும்.

கிணத்தடி எஃபெக்ட் மைக்கை மாத்தின பிறகும் கொஞ்சம் இருக்கும். டைல்ஸ் தரை, வெள்ளையடிச்ச சுவர், கண்ணாடி போட்ட ஷோகேஸ், எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ரூம் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. 'ட்டிங்'னு வால் நீண்டா துணி பத்தலைன்னு அர்த்தம். தரைக்கு ஜமக்காளம். முன்னாடி கொடி கட்டி மடிக்காத போர்வை ரெண்டு. பின்னாடி மெத்தையை நிமித்தி சுவர்ல சாய்ச்சிடுங்க. மேஜை மேல புத்தகத்துக்குக் கீழ ஒரு துண்டு. இரும்பு பீரோ பக்கத்துல உக்காராதீங்க, அதோட கதவு குரலுக்குக் கூட அதிரும். முட்டை அட்டையைச் சுவர்ல ஒட்டற வேலை வேண்டாம். அது மெல்லிசு, கிட்டத்தட்ட ஒண்ணும் உறிஞ்சாது, கரப்பான்பூச்சிதான் வரும்.

இயர்போன் மைக்கைக் கையில பிடிக்காதீங்க, சட்டையில உரச விடாதீங்க. துணி கிளிப்பை வச்சு ஒரு ஸ்டாண்டுல, அடுக்கி வச்ச புத்தகத்துல, எதுலயாவது மாட்டி, வாயிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவா, நேர் முன்னால இல்லாம உதட்டோரத்துப் பக்கமா வைங்க. 'பாட்டி', 'படகு'ன்னு சொல்லும்போது பகரத்துல வர்ற காத்து நேரா மைக்ல விழக்கூடாது. எம்பிராய்டரி வளையத்துல பழைய நைலான் சாக்ஸை இழுத்து மாட்டி நடுவுல வச்சா அதுவே பாப் ஃபில்டர்.

ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் திடீர்னு கிளம்பும். அணைச்சிட்டு, வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜ் உள்ள வைங்க. பதிவு முடிஞ்சதும் மறக்காம ஆன் பண்ணுவீங்க, இல்லன்னா மறுநாள் வெளிய கிளம்ப முடியாது.

---

வாசிப்பறை:

நன்றி. சுரண்டிப் பார்த்தேன், உள் மைக்தான் பதிவாகிக்கொண்டிருந்தது. சார்ஜரை எடுத்ததும் 'ங்ங்' நின்றுவிட்டது. அடுத்த கேள்வி: ஃபேன் இல்லாமல் 10 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. நடுவில் நாக்கு பிறழ்ந்தால் நிறுத்தி, அழித்து, முதலிலிருந்து வாசிப்பதிலேயே நேரம் போகிறது. ரயில் வேறு. இதற்கு முறை என்ன?

---

வெட்டி ஒட்டி:

முதலிலிருந்து வாசிக்கவே வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் ஒரு பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டு உங்களுக்குப் பொருந்துவதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, நிறுத்தாமல் ஓடுவது. தவறினால் நாக்கால் இரண்டு முறை 'டக் டக்' என்று சொடுக்குங்கள் அல்லது கை தட்டுங்கள். ஒரு மூச்சு விட்டு, அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசியுங்கள். தவறிய சொல்லிலிருந்து தொடரக் கூடாது. வாக்கியத்தின் நடுவில் வெட்டி ஒட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாது, கேட்பவர் காது உடனே பிடித்துவிடும். பிறகு அலையைப் பார்த்தால் ஈட்டி மாதிரி இரண்டு முள் நிற்கும் இடமெல்லாம் வெட்ட வேண்டிய இடம். ரயில் வந்தாலும் இதே வழி. வாசிப்பதை நிறுத்தி அது கடக்கும்வரை காத்திருந்து, தட்டிவிட்டுத் தொடருங்கள். ஹாரன், நாய், குக்கர் விசில் எதையும் எஃபெக்டால் எடுக்கலாம் என்று மெனக்கெட வேண்டாம். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிக்க ஆகும் நேரம் பத்து விநாடி.

இன்னொன்று பஞ்ச் அண்ட் ரோல். தவறியதும் நிறுத்துங்கள். தவறிய வாக்கியத்துக்கு முந்தைய இடைவெளியில் கர்சரை வைத்து ஷிஃப்ட் + டி. கர்சருக்கு முந்தைய 5 விநாடி இயர்போனில் ஒலிக்கும். நீங்கள் கேட்டுக்கொண்டே வந்து, கர்சர் வந்ததும் வாசிக்கத் தொடங்கினால் அங்கிருந்து புதிதாகப் பதிவாகும். அந்தத் துண்டில் கர்சருக்கு வலப்பக்கம் இருந்தது போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காதில் இயர்போன் கட்டாயம் வேண்டும். ஸ்பீக்கரில் ஓடவிட்டால் பழைய குரலும் மைக்குக்குள் போகும். இந்த வழியில் பதிவு முடியும்போது எடிட்டிங்கும் முக்கால்வாசி முடிந்திருக்கும். தொடக்கத்தில் கை தடுமாறும், இரண்டாவது கதையில் பழகிவிடும்.

நீங்கள் 10 நிமிடத் துண்டுகளாகப் பதியப் போகிறீர்கள். அப்படியென்றால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் 5 விநாடி வாயைத் திறக்காமல், அசையாமல் இருங்கள். இந்த 'வெறும் அறை' ஒலிக்கு இரண்டு பயன் உண்டு: இரைச்சல் மாதிரி எடுக்கலாம், வெட்டிய இடத்தை நிரப்பலாம். இருமலையோ நாற்காலிக் கிறீச்சையோ அழிக்கும்போது அந்த இடத்தை முழு நிசப்தமாக்காதீர்கள். குரலுக்குப் பின்னால் மெல்லிய அறை ஒலி ஓடிக்கொண்டே இருந்து திடீரென நின்றால், கேட்பவர் போன் கட்டாகிவிட்டதோ என்று பார்ப்பார். அந்த 5 விநாடியிலிருந்து வேண்டிய அளவு நகலெடுத்து ஒட்டுங்கள். மூச்சுச் சத்தமும் அப்படித்தான். எல்லா மூச்சையும் களைந்தால் இயந்திரம் வாசிப்பது போல் இருக்கும். உறுத்துகிற மூச்சை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்டில் ஆம்ப்ளிஃபை போய் -10 டெசிபல் கொடுங்கள், போதும்.

வெட்டும்போது தேர்ந்த பகுதியின் இரு முனையும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் 'டிக்' கேட்கும். தேர்ந்த பிறகு இசட் விசையை அழுத்தினால் முனைகள் தாமாக அந்தப் புள்ளிக்கு நகரும், பிறகு டெலீட்.

ரெக்கார்டை நிறுத்திவிட்டு மறுபடி ஆர் அழுத்தினால் அதே டிராக்கின் கடைசியில் தொடரும். ஷிஃப்ட் + ஆர் என்றால் புதிய டிராக் கீழே வரும். புதியவர்கள் தெரியாமல் நாலைந்து டிராக்கில் பதிந்துவிட்டு, ஓடவிட்டால் எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் கேட்கிறதே என்று திகைப்பது இதனால்தான்.

பதியத் தொடங்கும் முன்பே புராஜெக்டுக்குப் பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். பென் டிரைவிலோ, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி தானாக மேலேற்றும் ஃபோல்டரிலோ வைக்க வேண்டாம். ஆடாசிட்டியின் .ஏயுபி3 கோப்பு ஒரு தரவுத்தளம். பதியும்போதே வேறொரு நிரல் அதைத் தொட்டால் கெட்டுப்போகும். இடக் கணக்கு: மோனோ, 44100 ஹெர்ட்ஸ், 32 பிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. அன்டூவுக்காகப் பழைய நிலைகளையும் சேர்த்து வைப்பதால், வேலை நடக்கும்போது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு காலியிடம் வேண்டும்.

4 ஜிபி ராம் போதும். ஆனால் குரோமைத் திறந்து வைத்துக்கொண்டு பதியாதீர்கள், நடுநடுவே சில மில்லிவிநாடி விழுந்துவிடும்.

---

பறக்கும் ரயில்:

இவ்வளவு பாடு எதற்கு? இயர்போன் மைக்கை விட இப்போதைய போனின் சொந்த மைக் நன்றாகவே இருக்கும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, வேவ் வடிவில் பதியும் ரெக்கார்டர் ஆப் ஒன்றில் பதிந்து, கேபிள் வழியாக லேப்டாப்புக்கு மாற்றி எடிட் மட்டும் அங்கே செய்யலாம். லேப்டாப் ஃபேன் சத்தமும் மிச்சம். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாகப் பதியாதீர்கள், அது ஏற்கெனவே பிழிந்த சக்கை. எம்4ஏ வடிவில் பதியும் ஆப் என்றால் ஆடாசிட்டி திறக்க மறுக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைத் தனியாக நிறுவ வேண்டும்.

புளூடூத் இயர்பட்ஸ் மட்டும் வேண்டாம். மைக் வேலை செய்யத் தொடங்கியதும் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

ஆடாசிட்டி கண்ணைக் கட்டுகிறது என்றால் ஓசென்ஆடியோ பாருங்கள். அதுவும் இலவசம், திரை எளிது. ஆனால் பல டிராக் கிடையாது, பின்னணி இசை சேர்க்க நினைத்தால் உதவாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இருக்கிறது. ரீப்பரை இலவசம் என்று எழுதுகிறார்கள், இல்லை. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு உரிமம் வாங்க வேண்டும்.

---

ஒலிக்கோடு:

போன் யோசனை சரிதான், கோடம்பாக்கம் மாடிக்கு அதுவே நல்லது என்றுகூடச் சொல்வேன். எதில் பதிந்தாலும் கடைசி வேலை ஒன்றே. குரல் மெதுவாகக் கேட்கிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. வரிசை முக்கியம், மாற்றினால் ஒவ்வொன்றும் அடுத்ததைக் கெடுக்கும். எதுவும் தொடங்கும் முன் ஃபைல் மெனுவில் சேவ் புராஜெக்ட், அதில் பேக்கப் புராஜெக்ட்.

முதலில் ஹை பாஸ் ஃபில்டர். ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100, ரோல் ஆஃப் 12 டெசிபல். பேருந்து உறுமல், மேஜை அதிர்வு இதில் போகும்.

அடுத்து நாய்ஸ் ரிடக்ஷன். வெறும் அறை ஒலியை மட்டும் தேர்ந்தெடுத்து கெட் நாய்ஸ் ப்ரொஃபைல். பிறகு முழுவதையும் தேர்ந்து மறுபடி அதே எஃபெக்ட். குறைப்பு அளவை 6-இல் தொடங்குங்கள். சென்சிடிவிட்டி 6 என்று இருப்பதை மாற்ற வேண்டாம். அளவு கூடிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, கீழே ரெசிட்யூ என்று இருப்பதைத் தேர்ந்து ப்ரிவியூ கொடுங்கள். நீக்கப்படும் ஒலி மட்டும் கேட்கும். அதில் வெறும் 'உஷ்' இருந்தால் சரி. உங்கள் சொற்கள் காதில் விழுந்தால் குரலைத் தின்கிறது என்று பொருள். முதலில் போவது சகரமும் சொல்லின் கடைசி மெய்யும். பார்த்த பிறகு மறக்காமல் ரெட்யூஸுக்குத் திரும்பிவிட்டு ஓகே அழுத்துங்கள். மறந்தால் கதை போய் இரைச்சல் மட்டும் மிஞ்சும். (கன்ட்ரோல் + இசட் இருக்கிறது, பதற வேண்டாம்.) 6 போதவில்லை என்றால் 9. அதற்கு மேல் தேவைப்பட்டால் பதிவிடத்தில்தான் கோளாறு. கத்திரி வெயில் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொரு 10 நிமிடத் துண்டுக்கும் அதனதன் ப்ரொஃபைல். காலைப் பதிவின் மாதிரியை இரவுப் பதிவுக்குப் போடக் கூடாது.

பிறகு கம்ப்ரசர்: த்ரெஷோல்ட் -20, ரேஷியோ 3. கிசுகிசுப்புக்கும் கத்தலுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். இதை நாய்ஸ் ரிடக்ஷனுக்கு முன் போட்டால் மெல்லிய இரைச்சலும் தூக்கிவிடப்படும்.

நான்காவதாக லவுட்னஸ் நார்மலைசேஷன். இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில். வெறும் நார்மலைஸ் என்பது உச்சத்தைப் பார்த்து உயர்த்துவது. கதை முழுவதும் மெதுவாக இருந்து ஒரே ஓர் இடத்தில் 'டேய்!' என்று கத்தியிருந்தால் அந்த ஒன்றே மொத்தத்தையும் உயரவிடாமல் தடுக்கும். லவுட்னஸ் என்பது காதுக்குப் படும் சராசரி உரப்பு. முதலில் -23 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்று இருக்கும், அது ஒளிபரப்புக்கான அளவு, போனுக்குப் போதாது. -16 வையுங்கள், மோனோவை இரட்டை மோனோவாகக் கருது என்ற கட்டம் டிக் ஆகியிருக்கட்டும். இதனால் சில உச்சங்கள் 0-ஐத் தாண்டலாம். 32 பிட்டில் இருக்கும்வரை சேதமில்லை. உடனே லிமிட்டர் (உச்சத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடாதது), -2 டெசிபல். முடிந்தது.

---

வாசிப்பறை:

போன் மைக்கில், போர்வை கட்டி, நாய்ஸ் ரிடக்ஷன் 6-இல் முடித்தேன். குடம் போய்விட்டது. ரெசிட்யூ நல்ல வழி. கடைசியாக இரண்டு: .ஏயுபி3 கோப்பை அனுப்பினேன், யாருக்கும் திறக்கவில்லை. எந்த அமைப்பில் ஏற்றுமதி செய்வது? வாசிக்கும் கதைகளுக்கு உரிமைச் சிக்கல் வருமா?

---

வெட்டி ஒட்டி:

.ஏயுபி3 ஒலிக்கோப்பு இல்லை, ஆடாசிட்டிக்கு மட்டும் புரியும் வேலைக்கோப்பு. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ. எம்பி3, மோனோ, 44100, கான்ஸ்டன்ட் 64 கேபிபிஎஸ். 20 நிமிடக் கதை 9.6 எம்பி வரும். பேச்சுக்கு இது தாராளம். பின்னாளில் லிப்ரிவாக்ஸ் (தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூல்களை இலவசமாகத் தரும் தளம்) போன்ற இடத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அங்கே 128 கேட்பார்கள், ஆகவே ஒரு வேவ் பிரதியை எடுத்து வையுங்கள். எம்பி3-ஐத் திறந்து மறுபடி எம்பி3-ஆக எடுத்தால் ஒவ்வொரு முறையும் தரம் தேயும்.

வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள், கோப்பின் பெயர் அப்படியே போய்ச் சேரும். திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்தான் வழி. 'ஆடியோ 3 ஃபைனல் புதுசு' என்று வைக்காமல் '01 கதைப் பெயர் ஆசிரியர் பெயர்' என்று எண்ணை முன்னால் வையுங்கள், வரிசையும் கலையாது.

உரிமை: இந்தியாவில் ஆசிரியர் வாழும் காலமும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டும் காப்புரிமை உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துக்களை அதற்கு முன்பும் வாசிக்கலாம். ஆனால் அந்த நூலின் அண்மைப் பதிப்பில் இருக்கும் முன்னுரையும் அடிக்குறிப்பும் பதிப்பாசிரியருடையவை, அவற்றை வாசிக்காமல் கதையை மட்டும் வாசியுங்கள். மொழிபெயர்ப்புக் கதை என்றால் மொழிபெயர்ப்பாளரின் ஆண்டையும் தனியாகக் கணக்கிட வேண்டும். பார்வையற்றோர் படிக்கும்படி மாற்றித் தருவதற்குச் சட்டத்தில் 2012-இல் விலக்கு சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். நீங்கள் பெரியவர்களுக்கும் பொதுவாக அனுப்புவதால் அதை நம்பிக் கதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.